மேலிருந்து பார்த்தால் குடிசை

ஹைதராபாத்
2.2.2025

அன்புள்ள அக்கா,

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். வாதம் வந்த அப்பாவுக்கு வலது காலை ஊன்ற வருகிறதா, அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளா என்பதை உன் பதிலின் முதல் வரியிலேயே எழுதிவிடு. மற்றதை அதற்குப் பிறகுதான் என்னால் படிக்க முடியும்.

வீட்டு முகவரியை விட்டுவிட்டு உன் ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்குக் கடிதம் வந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. வீட்டுக்கு போன் செய்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். பாதித் தெரு கேட்கிறது. உனக்கு வாட்ஸப்பில் எழுதலாமென்றால் என்னிடம் இருப்பது ஆபீஸ் கொடுத்த போன். இந்த விஷயத்துக்குக் காகிதம்தான் சரி.

என் வேலை என்னவென்று அப்பா கேட்கும்போதெல்லாம் மேப் போடும் வேலை என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். உனக்காவது ஒழுங்காகச் சொல்கிறேன். செயற்கைக்கோள் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, ஓர் ஊரில் நிற்கிற கட்டடங்களுக்குள் எவ்வளவு செங்கல், எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு கம்பி அடங்கியிருக்கிறது என்று கணக்கிடுகிறோம். வீட்டுக்குள் யாரும் போவதில்லை. கூரையின் பரப்பைப் படத்திலிருந்து எடுப்போம். நிழலின் நீளத்தை வைத்து உயரம். கூரை என்ன பொருள் என்று பார்த்து வீட்டின் வகை. இவ்வளவு தெரிந்தால் அந்த வீட்டில் எத்தனை டன் பொருள் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். ஒரு தெருவை இடித்தால் எத்தனை லாரி இடிபாடு வரும், அதே தெருவை வேறு இடத்தில் எழுப்ப எவ்வளவு பொருள் தேவைப்படும் என்றெல்லாம் இதை வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள்.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. நம் தெருவில் மாடிக்கு மேல் கீற்றோ தகரமோ போட்டிருக்கிற வீடுகள் எவ்வளவு இருக்கும்? இரண்டு மூன்றா, நிறையவா?

இன்னொன்று. மாடியில் அறை எடுக்கப்போவதாகச் சொன்னாயே, அதைச் சித்திரை வரை தள்ளிவைக்க முடியுமா? ஏன் என்று இப்போது கேட்காதே.

உன் தம்பி,
செழியன்

திருவாரூர்
14.2.2025

அன்புத் தம்பி செழியனுக்கு அக்கா எழுதுவது.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைவரை நடக்கிறார். அம்மா மாத்திரை போட்டுக்கொள்கிறாள், நான் பக்கத்தில் நின்றால். உன் உடம்பைப் பார்த்துக்கொள். கம்ப்யூட்டரையே பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிடப் போகிறது.

கடிதத்தை ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்கிற ஜஸீலாதான் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்க தம்பி எந்தக் காலத்துல இருக்கான்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். படித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

சம்பா அறுவடை முடிந்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைகள் ரோடுவரை அடுக்கியிருக்கின்றன. வாய்க்காலில் தண்ணீர் வற்றி, பையன்கள் கெண்டை பிடிக்கிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில். நிறைய. ஏறக்குறைய எல்லா வீடும். இவை அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள் என்பது உனக்குத் தெரியாததா? நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே மாடி ஒழுக ஆரம்பித்தது. மழைக்கு ஒழுகும், வெயிலுக்குக் கொதிக்கும். ஆகவே மூங்கில் நட்டு மேலே கீற்று வேய்ந்தோம். எதிர்வீட்டில் காத்தான் அண்ணன் தகரம் போட்டிருக்கிறார். சிலர் தார்ப்பாய். கீழே கான்கிரீட் அப்படியேதான் இருக்கிறது. இதை எதற்கு நீ ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறாய்?

அறைக்கு நாலு தூண் எழுப்பியாகிவிட்டது. நிறுத்தச் சொல்கிறாய், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறாய். அப்பாவிடம் நான் என்ன சொல்வது?

போன வாரம் வாய்க்காலுக்கு அக்கரையில் மூன்று கால் வைத்த கருவியோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நம் வார்டு மெம்பர் மங்களாம்பிகை அக்கா போய்க் கேட்டதற்கு, "சும்மா லெவல் எடுக்குறோம்மா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்களாம்.

சரியாகச் சாப்பிடு. பதில் எழுது, கேள்வி எழுதாதே.

அக்கா,
செம்மொழி

ஹைதராபாத்
3.3.2025

அன்புள்ள அக்கா,

அப்பா கொல்லைவரை நடக்கிறார் என்று படித்தபோது மனசுக்கு இதமாக இருந்தது. எனக்குச் சளி பிடித்துவிட்டது, வேறொன்றுமில்லை.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதில் எழுதச் சொன்னாய். எழுதக்கூடிய அளவுக்கு எழுதுகிறேன்.

இப்போது நாங்கள் செய்வது ஒரு வாய்க்கால் கரை வேலை. வெள்ளம் வடிய வாய்க்காலை அகலப்படுத்துகிறார்கள். கரையோரத்துக் கட்டடங்களை எடுக்கவேண்டி வரும். எந்த ஊர், எந்தக் கரை என்று வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சொல்லவும் இல்லை.

படத்தில் ஒரு தெருவைப் பார்த்தேன். முழுக்கப் பழுப்பு நிறம். கம்ப்யூட்டர் அதை ஓலைக்குடிசை என்று எடுத்துக்கொண்டது. குடிசைக்கு எங்கள் கணக்கில் எடை கிடையாது; கொஞ்சம் மூங்கில், கொஞ்சம் மண், அவ்வளவுதான். அந்தத் தெருவே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

எங்கள் திட்டத்துக்குப் பொறுப்பாளர் ஜெக்கரியா சார், நாகர்கோவில்காரர், கெட்டவர் இல்லை. அவரிடம் போனேன்.

"சார், இந்தப் பக்கத்து ஊர்கள்ல கான்கிரீட் வீட்டு மேலயே கீத்து போட்டிருப்பாங்க. இத குடிசைன்னு எடுத்தா தப்பாயிடும்."

"நீ பாத்தியா?"

பார்த்தேன் என்றால் எங்கே என்று கேட்பார்.

"நேர்ல எடுத்த தகவல் இல்லாம ஒரு வகையையே மாத்த முடியாது செழியா. கிளையண்ட் ஃபீல்டு விசிட் கேக்கவே இல்ல. படத்துல என்ன இருக்கோ அதுதான்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். நான் யார், எந்த ஊர் என்று சொன்னால் அன்றைக்கே என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் இந்தப் படத்தைப் பார்க்கிறவர்களில் ஒருவருக்கும் கீற்றுக்கு அடியில் என்ன இருக்கும் என்று தெரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். சரியா தப்பா என்று தெரியவில்லை.

அறை வேலையை நிறுத்திவிடு. கொத்தனார் வரவில்லை என்று அப்பாவிடம் சொல்.

உன் தம்பி,
செழியன்

திருவாரூர்
12.3.2025

அன்புத் தம்பிக்கு,

சளிக்கு மிளகு கஷாயம் வைத்துக் குடி. இங்கே எல்லோரும் சுகம்.

எந்த ஊர் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

வேலையை நிறுத்திவிட்டேன். தூண்களின் கம்பிக்குச் சாக்கைக் கட்டி வைத்திருக்கிறேன், துருப்பிடிக்காமல் இருக்க. கொத்தனார் வரவில்லை என்றதை அப்பா நம்பினார். அம்மா நம்பவில்லை.

எனக்கு இரண்டு விஷயம் மட்டும் தெரியவேண்டும். குடிசை என்று எழுதினால் அந்த வீட்டுக்காரர்களுக்கு என்ன கிடைக்கும்? மாடி வீடு என்று எழுதினால் என்ன கிடைக்கும்?

இன்னொரு தடவை படம் எடுப்பார்களா?

அக்கா,
செம்மொழி

ஹைதராபாத்
5.4.2025

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

திட்டத்தின் விதி இப்படி. எங்கள் கணக்கில் ஓர் அளவுக்கு மேல் எடை வந்தால் அது நிலையான கட்டடம். வீட்டுக்கு வீடு கட்டிக் கொடுக்கவேண்டும், பக்கத்திலேயே. அந்த அளவுக்குக் கீழே வந்தால் தற்காலிகக் குடிசை. தொலைவில் ஒரு தரிசில் தகரக் கொட்டகை, அதோடு முடிந்தது. அந்தத் தரிசையும் படத்தில் பார்த்தேன். பஸ் போகிற சாலை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. உடம்பு முடியாதவர்களை வைத்துக்கொண்டு அங்கே எப்படி இருப்பது?

புதுப் படம் வாங்குகிறார்கள். தைப் படத்தில் ஒரு மூலையில் பனி படர்ந்திருந்ததாம். வானம் தெளிவாக இருக்கும் நாளாகப் பார்த்து எடுப்பார்கள். கத்திரி வெயிலில்தான் இருக்கும். எந்த நாள் என்று எங்களுக்கே முன்கூட்டித் தெரியாது. அந்தப் படம்தான் கடைசி.

இதை எழுதியதற்கு என்னை வேலையை விட்டு அனுப்பலாம், கேஸும் போடலாம். அதைவிட இன்னொன்று என்னைத் தின்கிறது. அதே கரையில் வேறு தெருக்களும் இருக்கின்றன. அங்கேயும் பழுப்பு நிறம்தான். அவர்களுக்கு நான் யாருக்கு எழுதுவது?

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். அவருக்கு ரத்த அழுத்தம் ஏறக்கூடாது.

உன் தம்பி,
செழியன்

திருவாரூர்
28.4.2025

அன்புத் தம்பி செழியனுக்கு,

நீ சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வேலைக்குப் போகிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கீற்று இறங்கிவிட்டது.

உண்மையை யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் கத்திரியில் கீழ்வேளூர் பக்கம் ஒரு கூரை பற்றிக்கொண்டு வரிசையாக எரிந்தது அல்லவா, அதைச் சொன்னேன். மங்களாம்பிகை அக்கா வீட்டு வாசலில் தெருவையே கூட்டி, இந்த வருஷம் வெயில் கடுமை, மாடியில் காய்ந்த கீற்றை வைத்துக்கொண்டு படுத்திருப்பது நெருப்பைத் தலைக்கு மேல் வைத்துக்கொள்வது மாதிரி, ஆனி பிறந்து காற்று மாறியதும் மறுபடி வேய்ந்துகொள்வோம் என்றேன்.

காத்தான் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "நெருப்புக்குப் பயந்து அடுப்புக்குள்ள உக்காரச் சொல்றியா? கீத்த எடுத்தா வீட்டுக்குள்ள மனுசன் இருக்க முடியுமா? என் தகரம் என்ன தீப்பிடிக்கவா போவுது?"

தகரம் தீப்பிடிக்காது. மங்களாம்பிகை அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "காத்தா, இந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லுதுன்னா சும்மா சொல்லாது. எறக்குங்க. நான் கேக்குறேன், எனக்காவ எறக்குங்க" என்றார். அக்கரையில் ஜீப் நின்றதை அவர் மறந்திருக்கமாட்டார்.

மற்றவர்கள் நம்பவேண்டுமே என்று முதல் கீற்றை நம் வீட்டு மாடியிலிருந்து நானே இறக்கினேன். அன்று சாயங்காலத்துக்குள் பாதித் தெரு இறக்கிவிட்டது. காத்தான் அண்ணன் இரண்டு நாள் கழித்துத் தகரத்தைக் கழற்றினார். கழற்றும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்குள் சூடு அதிகம்தான். தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறோம்.

அப்பா நலம்.

அக்கா,
செம்மொழி

ஹைதராபாத்
16.5.2025

அன்புள்ள அக்கா,

நான் நலம் என்று எழுதுவது எனக்கே பொய்யாகத் தெரிகிறது. இரவும் பகலும் உங்கள் பக்கத்து வானிலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படம் இன்னும் எடுக்கவில்லை. தினமும் மத்தியானம் கடல் பக்கமிருந்து மேகம் ஏறிவிடுகிறதாம். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்.

அப்பாவைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தாய். அது போதவில்லை. போன் செய்தால் அப்பா தூங்குகிறார் என்கிறாள் அம்மா. காலையில் செய்தாலும் தூங்குகிறார், மாலையில் செய்தாலும் தூங்குகிறார். நேற்று அம்மாவின் பின்னால் யாரோ ஆள் பெயரைக் கூப்பிட்டு உரக்கப் பேசினார்கள். வீட்டில் கேட்கிற சத்தம் மாதிரி இல்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். "கடத்தெருவுல" என்றாள்.

அக்கா, தாங்க முடியாவிட்டால் கீற்றைப் போட்டுவிடுங்கள். நான் வேறு வழி பார்க்கிறேன். என்ன வழி என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் போட்டுவிடுங்கள்.

உடனே பதில் எழுது.

உன் தம்பி,
செழியன்

திருவாரூர்
24.5.2025

அன்புத் தம்பிக்கு,

கவலைப்படாதே. எல்லோரும் இருக்கிறோம்.

பிள்ளைகள் வறண்ட வாய்க்காலுக்குள் பாய் விரித்துப் படுக்கிறார்கள், அங்கேதான் கொஞ்சம் காற்று வருகிறது. காத்தான் அண்ணனின் மனைவி என்னைப் பார்த்தால் வாசலில் தண்ணீரை வீசி ஊற்றுகிறாள். தெருவில் ஒருவரும் கீற்றைத் திருப்பிப் போடவில்லை.

வேறு செய்தி இல்லை.

செம்மொழி

ஹைதராபாத்
8.6.2025

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை எழுதும்போது எனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. உடம்பு நன்றாக இருக்கிறது.

படம் வந்துவிட்டது. வைகாசி நடுவில் ஒரு காலையில் எடுத்திருக்கிறார்கள். வாய்க்கால் வெள்ளையாகக் கிடக்கிறது. நம் தெரு முழுக்க மாடிகள் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரிகின்றன. கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகக் கான்கிரீட் என்று எடுத்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு வீட்டைத் தவிர. தெருவின் கிழக்கு மூலை. பழுப்பு நிறம்.

நம் வீடு.

பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல கீற்றாக, நெருக்கி வேய்ந்திருக்கிறது. முதல் கீற்றை இறக்கியவள் நீ. அதை ஏன் ஏற்றினாய் என்று நீ எழுதவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

அந்த வீட்டின் மேல் வைத்து இரண்டு எழுத்து அடித்தால் அது கான்கிரீட் ஆகிவிடும். அடித்தேன். பொய்யில்லை, உள்ளே கான்கிரீட்தான். ஆனால் அந்தக் கரை முழுவதிலும் கையால் மாற்றிய ஒரே வீடு அதுவாக இருக்கும். அது யாருடைய வீடு என்று ஒரு நாள் யாராவது பார்ப்பார்கள். அன்றைக்குத் தெரு மொத்தத்தையும் தில்லுமுல்லு என்று தள்ளிவிடுவார்கள். அழித்தேன். அழித்துவிட்டு, அந்தத் தரிசில் தகரக் கொட்டகைக்குள் அப்பா கிடப்பதை நினைத்தேன். மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன்.

அப்புறம் படத்தைத் தள்ளிவைத்து முழுக்கரையையும் பார்த்தேன். நம் தெரு மட்டும் சாம்பல். மேற்கே இரண்டு தெரு, தெற்கே மதகு வரைக்கும், எல்லாம் பழுப்பு. அங்கே யாருக்கும் அக்காவும் இல்லை, ஆபீஸில் தம்பியும் இல்லை.

தைப் படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெக்கரியா சாரைக் கூப்பிட்டேன்.

"சார், இதே தெரு. தையில ஒரு கான்கிரீட் வீடுகூட இல்ல. வைகாசியில எல்லாமே கான்கிரீட். நாலு மாசத்துல ஒரு தெருவையே யாரு கட்டினாங்க?"

வெகுநேரம் பார்த்தார். "கீத்த எறக்கியிருக்காங்க."

"ஆமா சார். அப்ப தையில நாம குடிசைன்னு எழுதினதெல்லாம் என்ன? மத்த தெருவுல இன்னும் கீத்து இருக்கே, அதுக்கு அடியில என்ன இருக்கு?"

அவர் படத்தை விட்டு என் பக்கம் திரும்பினார். "எல்லாரும் ஒரே நேரத்துல எப்படி எறக்கினாங்க செழியா?"

கேட்பார் என்று தெரியும். "நான்தான் சார் எழுதினேன். அது எங்க தெரு. அந்தப் பழுப்பு வீடு எங்க வீடு."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இத நீ என்கிட்ட முதல் நாளே சொல்லியிருக்கணும்" என்றார். "சொல்லியிருந்தா என்னை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டிருப்பீங்க சார்." "ஆமா, போட்டிருப்பேன்" என்றார். என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எல்லோரையும் காப்பாற்றினேனா, எல்லோரையும் கெடுத்தேனா, தெரியவில்லை.

அப்பாவுக்கு என்ன ஆயிற்று அக்கா? இனி என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை.

செழியன்

திருவாரூர்
15.6.2025

அன்புத் தம்பி,

முதல் வரியில் அப்பாவைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தாய். எழுதுகிறேன். அப்பா உயிரோடு இருக்கிறார். பேச்சு போய்விட்டது. ஓரிரு சொல்தான் வருகிறது. நடப்பதில்லை.

சித்திரை முடியும் சமயம். நான் ஆய்வகத்தில் இருந்தேன். அம்மா ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பியபோது அப்பா கட்டிலில் கிடந்த கிடை சரியில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது, வியர்வையே இல்லை. காத்தான் அண்ணன்தான் தூக்கி வேனில் போட்டுத் திருவாரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். அப்பாவுடைய ரத்த மாதிரி என் மேஜைக்கே வந்தது. பெயரைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சூட்டில் மயக்கம், அதோடு இரண்டாம் தடவை வாதம் என்று டாக்டர் சொன்னார். நீ போன் செய்தபோது அம்மா கடைத்தெருவில் இல்லை, வார்டில் இருந்தாள். அவளைப் பொய் சொல்ல வைத்தது நான்.

டிஸ்சார்ஜ் செய்யும்போது, "சுடுற மாடிக்கு அடியில இவரப் படுக்க வைக்காதீங்க" என்றார் டாக்டர். வேனை விட்டு இறங்கினால் நம் மாடியில் ஆட்கள். காத்தான் அண்ணன் உச்சியில் உட்கார்ந்து கீற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். தெருவில் ஒவ்வொரு வீடும் இறக்கிக் கட்டிவைத்ததிலிருந்து நல்ல கீற்றாகப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறது. அவர்கள் வீட்டு மாடி எல்லாம் மொட்டையாகக் கிடக்கிறது. "நெருப்புப் பிடிச்சா நாங்க பாத்துக்குறோம், நீ உள்ள போ" என்றார் காத்தான் அண்ணன்.

அந்தக் கீற்று நம் வீட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும் என்று அந்தத் தெருவில் தெரிந்த ஒரே ஆள் நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கியிருப்பார்கள். நான் அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

உனக்கு எழுதியிருந்தால் எல்லோரையும் கீற்றைப் போடச் சொல்லியிருப்பாய். அதனால்தான் எழுதவில்லை. வெயிலில் வாடிய ஒரு தெருவின் பாடு வீணாகக்கூடாது என்று நினைத்தேன். அப்பாவுக்கு நான் செய்ததை அதில் கழித்துக்கொள்ள முடியாது. முதல் கீற்றை என் கையால்தான் இறக்கினேன்.

மேட்டூர் திறந்துவிட்டார்கள். தண்ணீர் இன்னும் நம் வாய்க்காலுக்கு வரவில்லை.

நீ செய்தது சரி. வேலை போனால் போகட்டும். நேற்று ராத்திரி தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். காத்தான் அண்ணனின் மனைவி எழுந்து வந்து, "முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு வார்த்த எதுத்துக் கேட்டிருப்போமா?" என்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா,
செம்மொழி

ஹைதராபாத்
6.7.2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்த பிறகு கொஞ்ச நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது பரவாயில்லை. இந்தத் தடவை அப்பாவின் உடம்பைப் பற்றி எழுதிக் கேட்கப் போவதில்லை, நேரில் பார்க்க வருகிறேன்.

விசாரணை முடிந்தது. என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேஸ் போடவில்லை. ஜெக்கரியா சார் அதைத் தடுத்தார் என்று தெரிகிறது. கணக்கை நிறுத்திவைத்து, இரண்டு படங்களையும் சேர்த்துத் தன் கையெழுத்தோடு கிளையண்டுக்கு அனுப்பிவிட்டார்: கூரையை வைத்து இந்தப் பகுதியில் வீட்டு வகை சொல்ல முடியாது, கரை முழுவதும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கவேண்டும். அதை அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது என்னிடம் கை கொடுத்தார். "உன்ன மறுபடி வேலைக்கு எடுக்க மாட்டேன். ஆனா நீ சொன்னது சரி" என்றார்.

வாய்க்கால் அகலமாவது நிற்காது அக்கா. தெரு எப்படியும் போகும். அதை அம்மாவிடம் மெல்லச் சொல்லி வை.

உன் தம்பி,
செழியன்

வடக்குக் கரைத் தெரு
27.7.2025

அன்புத் தம்பி செழியனுக்கு,

நீ ரயில் ஏறுவதற்குள் இது கையில் கிடைக்குமோ என்னவோ. கிடைத்தால், வரும்போது அப்பாவுக்கு நல்ல மெத்தென்ற துண்டு நாலைந்து வாங்கி வா. முதுகுப் புண் ஆறிவருகிறது. அம்மா மெலிந்திருக்கிறாள், பார்த்ததும் கேட்டுவிடாதே.

அளவெடுக்க வந்துவிட்டார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். மூவர் கையிலும் டேப்லட். மதகுத் தெருவில் தொடங்கி, மேற்குத் தெருக்களை முடித்துவிட்டு நேற்று நம் தெருவுக்கு வந்தார்கள். ஆனி பிறந்ததும் எல்லோரும் மறுபடி கீற்று வேய்ந்துவிட்டோம். மேலிருந்து பார்த்தால் பழையபடி குடிசைதான்.

தை அறுவடைக்குப் பிறகு தெருவை எடுக்கிறார்களாம். மாடி வீடு என்று எழுதப்பட்டவர்களுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில் வீடு. மங்களாம்பிகை அக்கா அந்தப் பெண்ணோடு கூடவே நடந்து ஒவ்வொரு வாசலிலும் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நம் வீட்டுக்கு வந்த பையன் வாசலிலேயே நின்றான். அண்ணாந்து பார்த்தான், விரலை டேப்லட்டில் வைத்தான். அம்மா அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு ஈரத் துணியோடு வெளியே வந்தாள்.

"மேல பாத்து எழுதாதீங்க தம்பி. உள்ள வாங்க."

"இல்லம்மா, பரவால்ல..."

"உள்ள வாங்கன்னு சொல்றேன்ல."

செருப்பைக் கழற்றிவிட்டு மூவரும் உள்ளே வந்தார்கள். பையன் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். அண்ணாந்து கான்கிரீட்டைப் பார்த்தான், ஒழுகின கறையைப் பார்த்தான். அந்தப் பெண் மாடிக்கு ஏறிப்போய்ச் சாக்குக் கட்டிய தூண்களைப் படமெடுத்தாள். அப்பா கட்டிலில் கிடந்தபடி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி" என்றார்.

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாயருகே கொண்டுபோனால் தலையை ஆட்டித் தள்ளினார். இடது கையை மெல்லத் தூக்கி அவர்களைக் காட்டினார். "தண்ணி" என்றார் மறுபடியும்.

மூன்று பேருக்கும் கொடுத்தேன். வெயிலில் வந்தவர்கள், வாங்கி மளமளவென்று குடித்தார்கள். அந்தப் பையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு கட்டில் பக்கத்திலேயே நின்றபடி எங்கள் எல்லோர் முன்னாலும் மாடி வீடு என்று எழுதினான்.

செருப்பை மாட்டிக்கொண்டு காத்தான் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். மேலே தகரம். வாசலில் நிற்கவில்லை. அங்கேயும் உள்ளே போனார்கள்.

அக்கா,
செம்மொழி